ஊதா என்று எழுதிய புதன்கிழமை

செப்டம்பர் 4, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. எட்டு மாதம் பீரோவுக்கு மேலே கிடந்தது. வீட்டில் பேச்சு இல்லை, கையாவது ஓடட்டும் என்று எடுத்தேன். முதல் பக்கத்தில் பெயர், வேலை, ரத்தப் பிரிவு எல்லாம் கேட்டிருக்கிறார்கள். சண்முகக்கனி. கோவில்பட்டியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டெரிலைசேஷன் அறைப் பொறுப்பு, ஒன்பது வருடம். பி பாசிட்டிவ். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு என்று எழுதினேன்.

காலை ஏழு மணிக்கு, அறுவை ஆயுதங்களை நீராவியில் வேகவிடும் ஆட்டோகிளேவைப் போட்டேன். முதல் ஓட்டத்தில் ஆயுதம் எதுவும் வைப்பதில்லை, துணிக்கட்டுக்கு நடுவே ஒரு சோதனைத் தாள் மட்டும். தாள் முழுக்க ஒரே மாதிரி கறுத்து வர வேண்டும். இன்று நடுவில் புளியங்கொட்டை அளவுக்குக் கொஞ்சம் வெளுப்பு. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிந்ததோ என்னவோ. ஃபைலில் ஒட்டிவிட்டேன். கதவு ரப்பர் துடைத்தாயிற்று, அடிவலை சுத்தம் செய்தாயிற்று, தண்ணீர் மட்டம் பார்த்தாயிற்று. மூன்று டிக்.

குவாலிட்டி பார்க்கும் வினோதினி மேடம் வந்தார். பதினெட்டாம் தேதி இன்ஸ்பெக்ஷன். அதற்குள் ஸ்போர் என்ற கெட்டிக் கிருமிகளைக் கொல்லும் முறைகளைத் தமிழில் ஒரு சார்ட்டாக எழுதி சுவரில் மாட்ட வேண்டுமாம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் சொல்கிறார்.

வீட்டில் சுரைக்காய்க் கூட்டு. வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்தார். போன ஐப்பசியில் இந்த வீட்டில் தலை முழுகினோம். அதிலிருந்து இருவருக்கும் பேச அதிகம் இருப்பதில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

வாரத்துக்கு ஒரு நாள், செவ்வாயில், ஸ்போர் டெஸ்ட். விரல் நீளக் குப்பி. உள்ளே ஒரு காகிதத் துண்டில் லட்சக்கணக்கில் ஸ்போர் தடவியிருக்கும். யாருக்கும் நோய் தராத வகை, ஆனால் சூட்டுக்கு அசராது. அறுவை ஆயுதங்களோடு சேர்த்து அதையும் ஆட்டோகிளேவில் வேகவிட்டு, பிறகு சின்னச் சூட்டுப்பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் குப்பித் தண்ணீர் ஊதாவாகவே இருந்தால் ஸ்போர் செத்துவிட்டது, மஞ்சளாக மாறினால் பிழைத்துக்கொண்டது. பக்கத்திலேயே வேகாத குப்பி ஒன்றையும் வைப்போம். அது மஞ்சளாகியே தீரும். பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி.

இரண்டாவது ஓட்டத்தில் குப்பியை வைத்தேன். அதில் நான்கு பாக்ஸ், ஒவ்வொன்றிலும் ஒரு ஆபரேஷனுக்கான ஆயுதங்கள். வெளியே ஒட்டிய டேப்பில் கோடுகள் கறுத்து வந்தன. டேப் கறுத்தால் சூடு பட்டது என்றுதான் அர்த்தம், உள்ளே எல்லாம் செத்தது என்று அர்த்தமில்லை. ஆனாலும் குப்பி முடிவு வரும்வரை ஆபரேஷன் தியேட்டர் காத்திருக்காது. மத்தியானமே நான்கும் மேலே போய்விட்டன.

பேச்சித்தாய் இன்று ஒருமாதிரி இருந்தாள். ஆயுதம் கழுவும் வேலை அவளுக்கு. இரண்டு தடவை எதையோ சொல்ல வந்து, ஒன்றுமில்லை அக்கா என்று குழாயைத் திறந்துகொண்டாள். நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 6, புதன்

குப்பி பார்த்தேன். ஊதா. கையெழுத்துப் போட்டேன். திரும்பும்போது மழை, குடை கொண்டுபோகவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

சார்ட் எழுத உட்கார்ந்தேன். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன், பிறகு அட்டையில்.

சில கிருமிகள் தங்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு உள்ளே அடங்கிவிடும். தின்னாது, பெருகாது, வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதுதான் ஸ்போர். ரணஜன்னி என்னும் டெட்டனஸ் வருவதும் சதை அழுகிப்போவதும் அந்த ஜாதிக் கிருமிகளால்தான். ஈரமும் இடமும் கிடைத்தால் ஓட்டை விட்டு வெளியே வந்துவிடும்.

வெந்நீரில் கொதிக்கவைத்தால் சாதாரணக் கிருமி சாகும், ஸ்போர் தாங்கும். மணிக்கணக்கில் கொதித்தாலும் சில மிஞ்சும். ஸ்பிரிட்டும் சானிடைசரும் அதை ஒன்றும் செய்யாது. பேச்சித்தாய் எட்டிப் பார்த்து, சோப்பு போட்டாலும் சாகாதா என்று கேட்டாள். சாகாது, ஆனால் தேய்த்துக் கழுவினால் கையை விட்டுப் போய்விடும் என்றேன். அதையும் எழுதச் சொன்னாள். எழுதினேன்.

அழுத்தத்தோடு கூடிய நீராவிதான் நம்பகமானது. 121 டிகிரியில் இருபது நிமிடம், 134 என்றால் நான்கு நிமிடம் போதும். ஆனால் உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியேறியிருக்க வேண்டும். காற்று தங்கிய மூலையில் ஆவி போகாது, மீட்டர் என்ன காட்டினாலும். எண்ணெய், பவுடர் மாதிரி ஆவி நுழையாத சரக்குக்கு அடுப்பு போன்ற உலர்ந்த சூடு, 160 டிகிரி, இரண்டு மணி நேரம். சூடு தாங்காத பிளாஸ்டிக் குழாய்களுக்கு கேஸ். அந்த மெஷின் நம்மிடம் இல்லை, மதுரைக்கு அனுப்புகிறோம். மருந்துத் தண்ணீரில் ஊறப்போடுவதானால் முழுசாகப் பத்து மணி நேரம். இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டு ஆயிற்று என்று சொல்பவர்கள் உண்டு. ஆகாது.

செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்பதையும் போடச் சொல்லியிருந்தார் மேடம். “குப்பியைக் கண்ணால் பார்த்துத்தான்” என்று எழுதினேன். எழுதிவிட்டு எழுந்துபோய்க் கஞ்சி குடித்தேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

இன்ஸ்பெக்ஷனுக்காகச் சூட்டுப்பெட்டியைத் துடைக்கத் திறந்தேன். செவ்வாய்க்கிழமைக் குப்பிகள் இரண்டும் உள்ளேயே இருந்தன. இரண்டும் மஞ்சள்.

மேலே ஒட்டிய சீட்டைப் படித்தேன். ஒன்று வேகாத குப்பி. மற்றது இரண்டாவது ஓட்டம், என் கையெழுத்து.

இதை எழுதியாக வேண்டும். புதன்கிழமை நான் பார்க்கவில்லை. பெட்டியைத் திறக்கவே இல்லை. ரெஜிஸ்டரை எடுத்து ஊதா என்று எழுதினேன், பிறகு இந்த டைரியிலும் பார்த்தேன் என்று எழுதினேன். ஒன்பது வருடமாக ஊதாதான். அடிவலையும் திங்கட்கிழமை கழற்றவில்லை. அதற்கு முந்தைய வாரமும் இல்லை.

பயம் வரவில்லை.  குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு டாக்டர் கோமதிநாயகத்தின் அறைக்குப் போனேன். ஆஸ்பத்திரி அவருடையது. வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போய் மேஜையில் குப்பியை வைத்தேன்.

“சார், புதன்கிழமை நான் பாக்கல. பாக்காமலே ஊதான்னு எழுதிட்டேன்.”

அவர் குப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இப்படி எத்தனை தடவை என்று கேட்டார்.

“ஐப்பசிக்குப் பெறவு நெறைய தடவ, சார்.”

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். ஆட்டோகிளேவை நிறுத்தச் சொன்னார், தியேட்டரில் இருந்த எல்லாப் பாக்ஸையும் கீழே கொண்டுவரச் சொன்னார், மறுநாள் ஆபரேஷன்களை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொன்னார். பிறகு தியேட்டர் சிஸ்டர் ஃபிலோமினாவைக் கூப்பிட்டு, அந்த நான்கு பாக்ஸும் யார் யாருக்குப் போயின என்று கேட்டார். இந்த வாரம் ஆபரேஷன் ஆனது நான்கு பேருக்குத்தான். சிஸ்டர் ரெஜிஸ்டரைப் பார்த்து வாசித்தார். நான் எழுதினேன்.

செல்லத்துரை, 61, குடலிறக்கம். முத்துமாரி, 44, கர்ப்பப்பை. ரஹீமா பீவி, 52, மார்புக் கட்டி. நான்காவதை வாசிக்குமுன் சிஸ்டர் என்னை ஒரு தரம் பார்த்தார். ‘நீங்க எழுத வேண்டாம், நான் எழுதிக்கிடுதேன்’ என்றார். வாசிங்க என்றேன்.

சிவரஞ்சனி, 20, சிசேரியன். கணவர் கதிரேசன், சாத்தூர்.

என் மகள்.

அவள் சாகவில்லை. போன ஐப்பசியில் கதிரேசனோடு போனாள். நம் ஆட்கள் இல்லை. அன்றைக்கே என் வீட்டுக்காரர் எங்கள் இருவர் தலையிலும் தண்ணீர் ஊற்றி, அவள் செத்துவிட்டாள் என்றார். இனி அந்தப் பெயர் என் காதில் விழக்கூடாது என்று நானும் ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருந்தேன். சொன்னபடி நடந்துகொண்டார்கள். செவ்வாய் சாயங்காலம் முதல் அவள் மேல்மாடியில் படுத்திருக்கிறாள், நான் கீழே இருக்கிறேன். பேச்சித்தாய்க்குத் தெரியும். சிஸ்டருக்குத் தெரியும். வாட்ச்மேனுக்கும் தெரியும்.

பெண் குழந்தையாம். இரண்டு கிலோ எண்ணூறு.

செப்டம்பர் 9, சனி

மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். அடிவலையைக் கழற்றி எடுத்தார். துணிப்பஞ்சு களிமண் மாதிரி அடைத்திருந்தது. காற்று அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழி இல்லாததால் பாக்ஸுகளுக்கு நடுவே தங்கிவிட்டது. தினமும் கழற்றிக் கழுவியிருந்தால் இரண்டு நிமிட வேலை என்றார். திங்கட்கிழமைச் சோதனைத் தாளையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். இந்த வெளுப்பு கண்ணில் படவில்லையா என்றார். பட்டது என்றேன்.

டாக்டர் பொறுமையாகப் பேசினார். குப்பியில் இருந்தது எல்லாவற்றிலும் கடினமான வகை, அது பிழைத்ததால் ஆயுதத்தில் கெட்ட கிருமி இருந்தது என்று ஆகாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நான்கு பேரையும் வீட்டுக்கு அனுப்பாமல் கவனிக்கிறோம், ஊசி தொடர்கிறது. நோயாளிகளிடம் இப்போதே சொல்லிப் பயமுறுத்த வேண்டாமே என்றார். வினோதினி மேடமும் அதையே சொன்னார், இன்ஸ்பெக்ஷன் முடியட்டும் என்று.

நான் சொல்கிறேன் என்றேன். தவறு என்னுடையது, நான்தான் சொல்ல வேண்டும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு சரி என்றார், தானும் கூட வருவதாகச் சொன்னார். மூன்று பேரிடம் கூட வந்தார். செல்லத்துரை அய்யாவுக்கு முழுதும் புரியவில்லை, அவர் மனைவிக்குப் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முத்துமாரி அழுதார். ரஹீமா பீவியின் அண்ணன் என்னை நன்றாகத் திட்டினார். நின்று கேட்டுக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நம்பர் அறை வாசலில் டாக்டர் நின்றுவிட்டார். நீங்க மட்டும் போங்க என்றார்.

கதிரேசன் குழாயடியில் குழந்தைத் துணியை அலசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, வாங்க என்று சொல்லிவிட்டு, வாளியோடு வெளியே போனான். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

“சொல்லுங்க” என்றாள்.

மற்ற மூவரிடமும் சொன்னதையே அதே வரிசையில் சொன்னேன். வலை, குப்பி, புதன்கிழமை. அவள் கடைசிவரை கேட்டாள்.

“அந்தப் பாக்ஸ கட்டுனது யாரு?”

“நான்தான்.”

அவள் குழந்தைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “சாத்தூர்லயே ரெண்டு ஆஸ்பத்திரி இருக்கு. இவுக அங்கயே பாத்துக்கிடலாம்னாங்க. நான்தான் கோவில்பட்டிக்குப் போவோம்னு நின்னேன். நீங்க கட்டுற பாக்ஸுன்னா பயமில்லைன்னு நெனச்சேன்.”

குழந்தை தூங்கியது. துணிக்கு வெளியே நெற்றி மட்டும் தெரிந்தது. காய்ச்சல் வந்தாலோ தையலில் வலி கூடினாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள் என்றேன். மற்றவர்களிடம் சொன்ன மாதிரியே சொல்லுங்கள் என்றுதான் வந்தது. சரிங்க என்றாள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

அவளுக்கு நூற்றியொன்று காய்ச்சல். லீவு நாள்தான், போனேன். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதிரேசன் இரண்டு தடவை டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஆறிப்போயின.

செப்டம்பர் 11, திங்கள்

காய்ச்சல் பால் கட்டியதால். தையல் சுத்தமாக இருக்கிறது என்று காலையில் டாக்டரே வெளியே வந்து சொன்னார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. தலையை ஆட்டினேன்.

செல்லத்துரை அய்யாவுக்குத் தையலில் நீர் கசிகிறது, சுற்றிலும் சிவப்பு. பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து கருவிகள் வாங்கி, திரும்பத் திறந்து கழுவினார்கள். அது என்னால் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் வரும், இனி யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். தியேட்டர் வாசலில் அவர் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தம்மா நகர்ந்து உட்காரவில்லை. 

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரஞ்சனி எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள், குழந்தை பிறந்திருக்கிறது, அவளைத் திறந்த கத்தியை நான் சரியாக வேகவிடவில்லை. அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டே, எந்த ரஞ்சனி என்றார். அந்தப் பெயரை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறதே என்றார்.

“நீங்கதான் தல முழுகுனீங்க. எனக்கு நீங்க மோந்து ஊத்துனீங்க. நான் நின்னேன். நின்னதுதான் நான் செஞ்ச தப்பு.”

இருபத்துமூன்று வருடத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. என் குரல் ரேஷன் கடையில் நம்பர் சொல்வதுபோலத்தான் இருந்தது. அவர் பாதியில் கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றார். பிழைச்சுக்கிடுவாளா என்று கேட்டார். பிழைச்சுக்கிடுவா என்றேன். டிவியைப் போட்டு, சத்தம் வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 13, புதன்

மெமோ வந்தது. இரண்டு வாரம் வேலைக்கு வரவேண்டாம். அதற்குப் பிறகு கழுவும் பிரிவில், பேச்சித்தாய்க்குப் பக்கத்தில். கையெழுத்துப் போடும் வேலை இனி எனக்கு இல்லை. சரியான தண்டனைதான். வேலையை விட்டே எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். டாக்டரிடம் கேட்டபோது, நீங்களாகக் கொண்டுவந்து வைக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது, அதனால்தான் என்றார். இன்ஸ்பெக்ஷன்காரர்களிடமும் நடந்ததை அப்படியே சொல்லப் போகிறாராம். வினோதினி மேடம் முகம் கொடுக்கவில்லை.

பேச்சித்தாய் சாவியை வாங்கிக்கொண்டு அழுதாள். செவ்வாய்க்கிழமையே சொல்லியிருப்பேன் அக்கா, நீங்கள் எங்கே கோபித்துக்கொள்வீர்களோ என்று வாயை மூடிக்கொண்டேன் என்றாள். நான் கோபித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

முத்துமாரி, ரஹீமா பீவி இருவருக்கும் நேற்றே தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், பேச்சித்தாய் போனில் சொன்னாள். செல்லத்துரை அய்யா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாராம். ரஞ்சனியையும் இன்று அனுப்பினார்கள்.

வாசலில் ஆட்டோவுக்கு நின்றார்கள். கதிரேசனுக்கு அம்மா இல்லை, அச்சாபீஸில் இதற்கு மேல் லீவு தரமாட்டார்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் பையோடு போயிருந்தேன். இரண்டு சேலை, சீரகம், பூண்டு. நானும் வரட்டுமா என்று கதிரேசனிடம் கேட்டேன். அவன் அவளைப் பார்த்தான். வரட்டும் என்று அவனிடம் சொன்னாள்.

சாத்தூரில் ஒரே அறை வீடு. பின்னால் தகரம் போட்ட சமையல் இடம். வந்ததும் பாத்திரம் தேய்த்தேன்.

அவருக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தேன். நாற்பது நாள் என்று. இரண்டு வாரம் முடிந்ததும் இங்கிருந்தே பஸ்ஸில் வேலைக்குப் போய்வரலாம்.

செப்டம்பர் 17, ஞாயிறு

குழந்தையைக் குளிப்பாட்டினேன். பூண்டுக் குழம்பு. அவள் நீங்க, வாங்க, போதுங்க என்றே பேசுகிறாள். வீட்டு வேலைக்கு வந்த ஆளிடம் மரியாதையாகப் பேசுவதுபோல. அவர் போன் செய்யவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

இன்று சண்டை.

குழந்தைக்கு மருந்து கொடுக்கும் சின்னக் கரண்டியைக் காலையிலிருந்து மூன்றாவது தடவையாகக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து வந்து அடுப்பை அணைத்தாள்.

“எத்தன தடவதான் கொதிக்க வைப்ப? பதினோரு மாசமா ஒரு போன் போட ஒனக்குக் கை வரல. நான் இருக்கேனா செத்தேனான்னு ஒருத்தர்ட்ட கேக்கல. இப்ப வந்து கரண்டியக் கழுவுத.”

நீ என்கிறாள் என்பதுதான் முதலில் என் காதில் விழுந்தது. மற்றது பிறகுதான்.

“நீயும் ஒரு வார்த்த சொல்லாமத்தானட்டி போன” என்றேன். “கட்டில்ல தலகாணியப் போர்த்தி வச்சுட்டுப் போன. நான் காப்பி ஆத்திக்கிட்டு வந்து எழுப்புதேன், தலகாணிய.”

அதற்கு அவள் ஒன்று சொன்னாள். நான் ஒன்று சொன்னேன். பல வருடத்துக் கணக்கெல்லாம் வந்தது. பிளஸ் டூவில் அவளை டூர் அனுப்பாதது, அப்பா அடித்தபோது நான் சமையலறைக்குள் போய்விட்டது. அதற்கு, ஆமாம் போனேன் என்றேன்.  குழந்தை முழித்து வீறிட்டது. சாப்பாட்டுக்கு வந்திருந்த கதிரேசன் அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டான். பக்கத்து வீட்டுக்காரம்மா ஜன்னலைச் சாத்தினார்.   எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. தாடையெல்லாம் நனைந்த பிறகுதான் கவனித்தேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கட்டிலுக்குப் போனாள். கத்தியதில் வயிறு இழுத்திருக்க வேண்டும்.  பிறகு நைட்டியைத் தூக்கிவிட்டு மல்லாந்து படுத்தாள்.

“இங்க வா. தையல் ஆறிருக்கான்னு பாரு. என்னால குனிஞ்சு பாக்க முடியல.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோப்பு போட்டுக் கையைக் கழுவினேன். வெளிச்சத்துக்காகக் கதவை முழுதாகத் திறந்தேன். கட்டிலோரம் மண்டியிட்டேன். ஒரு சாண் நீளம். இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. அங்கே விரலை வைத்து, வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கவில்லை என்றாள். சூடும் இல்லை. மறுபடி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தேன். அதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.